துணைக்கு நின்றவள்

கதவைச் சாத்திவிட்டு வெளியே போகச் சொன்னார் டாக்டர்.

அமலோற்பவமேரி கதவைச் சாத்தினாள். வெளியே போகவில்லை.

பரிசோதனைக் கட்டிலின் விளிம்பில் வேம்பு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கல்லங்குறிச்சிப் பெண். அன்று காலை பெரம்பலூரில், இதே ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இருவருக்கும் பழக்கம்.

விமானப் பணிப்பெண் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட, கம்பெனிக்காரர்கள் இந்தப் பக்கத்தில் வைத்திருந்த டாக்டர் இவர் ஒருவர்தான். அரியலூர்ப் பக்கத்துப் பெண்களும் பஸ் பிடித்து இங்கேதான் வர வேண்டும். வந்த பெண்கள் எல்லோரும் நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் உள்ளே போனவள் சிந்தாமணி. சிரித்துக்கொண்டே போனாள்.

வெளியே வந்தபோது முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் படியிறங்கி, கொதிக்கிற தார் ரோட்டில் நடந்து போனாள்.



அடுத்து வேம்புவைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த அமலோற்பவமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களும் உள்ள வர்றீங்களா?"

அப்படித்தான் அமலோற்பவமேரி உள்ளே வந்தாள்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஏளனமாகச் சிரித்தார்.

"ஆகாயத்துல போகப்போற பொண்ணுக்கு ரூமுக்குள்ள துணை கேக்குதோ?"

 அமலோற்பவமேரி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஏரோப்பிளேன்ல யாரும் ரவிக்கையக் கழட்டச் சொல்ல மாட்டாங்க சார். இங்கதான் துணை வேணும்."

அவர் முகம் இறுகியது. இத்தனை வருஷ சர்வீஸில் தன்னிடம் ஒருத்தியும் இப்படிப் பேசியதில்லை என்றார். தான் ஒரு வார்த்தை எழுதினால் போதும், அவள் பறக்கிறதெல்லாம் இந்த ரூமோடு சரி என்றார்.

"எழுதிக்கங்க சார். நான் இங்கதான் நிப்பேன்."

வேம்பு பயந்துபோய் அவளைப் பார்த்தாள். போய்விடுங்கள் அக்கா, என்னால் உங்கள் வேலையும் கெட்டுப்போக வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள். அமலோற்பவமேரி கண்டுகொள்ளவில்லை.

டாக்டர் வேம்புவின் கண்ணைப் பார்த்தார். காதைப் பார்த்தார். நாடி பிடித்தார். ரவிக்கைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சு விடச் சொன்னார். முடிந்துவிட்டது. சிந்தாமணி எத்தனை நேரம் உள்ளே இருந்தாள் என்று அமலோற்பவமேரி நினைத்துப் பார்த்தாள்.

அடுத்த பெண் வந்தாள். அமலோற்பவமேரி நகரவில்லை.

அதற்கடுத்தவள் வந்தாள். அவள் கேட்பதற்கு முன்பே, "நான் இருக்கேன், வாம்மா" என்றாள்.

ஒவ்வொரு பெண்ணும் ரவிக்கை கசங்காமல், தலை குனியாமல் வெளியே போனாள். டாக்டர் யாரிடமும் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. நடுநடுவே அவளைத்தான் முறைத்தார். அவளும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

கடைசிப் பெண்ணும் போன பிறகு பேனாவைத் திறந்தார்.

"இப்ப நீ வா. உனக்கு நான் என்ன எழுதறேன் பாரு."

அமலோற்பவமேரி சுவரை விட்டு விலகி நேராக நின்றாள்.

"எனக்கு எழுத ஒண்ணும் இல்லீங்க சார். உயரம் பத்தலன்னு, நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க கம்பவுண்டர் என்னத் தள்ளிட்டாரு."

மகள் ஏரோப்பிளேனில் போகப்போகிறாள் என்று வரதராசன்பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் அப்பா. அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல்தான், அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம், அதற்கடுத்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று அவள் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.