பி.டி. பீரியட்

"இது பகல் கொள்ளை டீச்சர்!"

மாடிப்படியில் வழிமறித்து நின்றாள் சத்யப்ரியா. சுற்றிக்கொண்டு போக இடமில்லாமல் ஆனிமேரி டீச்சரும் நின்றார். அவருக்குப் பின்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் பத்தொன்பது பேர், கையில் கணக்கு நோட்டோடு.

"எதும்மா கொள்ளை?"

"புதன்கிழமை கடைசி பீரியடு பி.டி. அதைப் பிடுங்கிக் கணக்கு நடத்துறீங்களே, இதுக்கு வேற என்ன பேரு?"

"நான் எங்கம்மா பிடுங்குனேன்? விளையாட விட வேணாம்னு இவங்க வீட்டுல லெட்டர் குடுத்திருக்காங்க. சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல ரெண்டு கணக்குப் போட்டா என்ன?"

"ரெண்டு கணக்குப் போட்டா எலும்பு வளருமா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வழிய விடும்மா. உனக்குப் பேச நாள் பூரா இருக்கு. எனக்கு நாப்பது நிமிசம்தான்."

சத்யப்ரியா மதுரையில் எம்.எஸ்சி. ஊட்டச்சத்து படிக்கிறவள். வளரும் பெண்களின் எலும்பு நலம் பற்றி ஆய்வு செய்ய, வாடிப்பட்டிப் பக்கம் இந்த மிஷன் பள்ளிக்கு வந்து ஐந்து வாரமாகிறது. வந்த அன்றைக்கே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்.

"கேப்பை, முருங்கைக்கீரை, பாலு, நெத்திலி, வீட்டுல எது கிடைக்குதோ சாப்பிடுங்க. ஆனா சாப்பிட்டா மட்டும் பத்தாது. வெயில்ல ஓடணும், குதிக்கணும். இந்த வயசுல எலும்புல சேத்து வச்சாத்தான் உண்டு. பின்னாடி இடுப்பொடிஞ்சு படுத்தப்புறம் அழுது பிரயோசனம் இல்ல."

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி முத்துமீனா. போன வருசம் குழாயடியில் வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்துபோன பிள்ளை. எலும்பில் வலு இல்லை, கட்டுப் பிரித்ததும் நன்றாக ஓடியாட விடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவளுடைய அப்பா முத்திருளனோ, ஓடியாட விட வேண்டாம் என்று பள்ளிக்கு லெட்டர் கொடுத்துவிட்டார்.

இந்த ஒருத்தியையாவது குதிக்க வைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று சத்யப்ரியா தனக்குள் சொல்லி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று தலைமையாசிரியை சிஸ்டர் ஐரின் கேட்டு வாய் மூடவில்லை, சத்யப்ரியா எழுந்துவிட்டாள்.

"பி.டி. பீரியடுல கணக்கு நடத்தக் கூடாது சிஸ்டர்."

முத்திருளன் துண்டை உதறித் தோளில் போட்டபடி எழுந்தார்.

"ஏம்மா, டீச்சரம்மா எம்புட்டு மெனக்கெட்டுச் சொல்லித்தருது. உனக்கு எங்க வலிக்குது?"

"உங்க பிள்ளைக்கு எலும்புல வலு இல்லண்ணே. குதிச்சாத்தான் வலுவாகும்."

"நீயும் அலங்காநல்லூர்ப் பக்கந்தானாம்ல? உனக்குத் தெரியாதா? வயசுக்கு வந்த பிள்ள வெயில்ல கெடந்து குதிச்சுக் கருத்துப்போச்சுன்னா, நாளைக்கு எவன் கட்டுவான்?"

முத்திருளன் வீட்டில் இரண்டு ஜல்லிக்கட்டுக் காளை நிற்பது ஊருக்கே தெரியும். சத்யப்ரியாவுக்கும் தெரியும்.

"காளைய நீச்சல் விட்டு, மண்ணக் குத்த விட்டு வளக்குறீங்கள்ல? வெயில்ல கருத்துப்போகும்னு அதை மாட்டுக்கொட்டத்துக்குள்ளயா கட்டிப்போடுறீங்க?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. முத்திருளனுக்கு முகம் சுண்டிப்போனது.

"காளையும் பொம்பளப்பிள்ளையும் ஒண்ணாம்மா?"

"எலும்பு ஒண்ணுதாண்ணே."

"இந்தா பாரு, கணக்குன்னா அனுப்புறேன். எம்பிள்ளையக் குதிக்க விட்டீங்கன்னு காதுல விழுந்துச்சு, அன்னைக்கே டி.சி. வாங்கிட்டுப் போயிருவேன். ஆமா."

சத்யப்ரியா விடவில்லை. விளையாட்டு நேரத்தில் வேறு பாடம் நடத்துவது தப்பு என்றாள். கேட்க ஆளில்லை என்று நினைக்க வேண்டாம், மேலே புகார் எழுதுவேன் என்றாள்.

புகார் என்ற சொல்லே சிஸ்டர் ஐரினுக்கு ஆகாது.

"டீச்சர், நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

ஆனிமேரி டீச்சர் சத்யப்ரியாவைப் பார்த்தார். முத்திருளனைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார்.

"அப்ப இனிமே பி.டி. பீரியடுல கணக்கு கிடையாது. லெட்டர் குடுத்த பிள்ளைங்க லைப்ரரியில உக்காரட்டும்."

பாதி வெற்றிதான். ஆனாலும் கொள்ளையை நிறுத்தியாயிற்று. இந்த அப்பாக்களை அடுத்து ஒரு கை பார்க்கலாம் என்று எண்ணிக்கொண்டே வெளியே வந்தாள் சத்யப்ரியா.

வராந்தாத் தூணோரம் முத்துமீனா நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது. பள்ளி வாசலில் அவளுடைய அப்பா பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா அழுகுற? இனிமே யாரும் உன்னைக் கணக்குப் போடச் சொல்ல மாட்டாங்க."

முத்துமீனா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னைக்குக்கா கணக்குப் போட்டோம்? மொட்டைமாடிக் கதவச் சாத்திட்டு, வெயில்ல எங்கள ஸ்கிப்பிங் ஆட விடுவாங்கக்கா டீச்சர். முந்தாநாளு நான் நிக்காம நூத்தம்பது தாண்டுனேன்... லைப்ரரியில எப்பிடிக்கா தாண்டுறது?"