நர்ஸ் மேஜைக்கு எதிர் அறை

கீழே விழுந்த அப்பாவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மகளுக்கு அதுதான் பயம். உள்ளுக்குள் பட்ட அடி வெளியே தெரியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"தலை தரையில பட்டுச்சாப்பா? அதுக்கு முன்னாடி மயக்கம் வந்துச்சா?"

எல்லாக் கேள்விக்கும் சேர்த்து அப்பா ஒரே முனகலாக முனகினார். மகள் அவருடைய அறையையே சல்லடை போட்டுச் சலித்தாள். தரையில் ஈரம் இல்லை. அழைப்பு மணி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. செருப்பு ஜோடியாகக் கட்டிலடியில் இருக்க, மூக்குக் கண்ணாடி மடித்துப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அத்தனையையும் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மகனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முதியோர் இல்லத்தின் மேலாளரைப் பிடித்து உலுக்காத குறைதான்.

"போன வாரம் மாடியில அம்மா விழுந்தாங்க. இன்னைக்குக் கீழ அப்பா. இங்க என்னதான் சார் பாத்துக்கறீங்க?"

அம்மாவைத் தன் வீட்டுக்கும் அப்பாவைத் தங்கை வீட்டுக்கும் இன்றே கூட்டிப் போய்விடப் போவதாகக் குதித்தான். அப்பாவின் முனகல் சட்டென்று நின்றது.

"அதெல்லாம் வேணாம்ப்பா. இப்பப் பரவாயில்ல."

எலும்பு எதுவும் முறியவில்லை, டாக்டர் பார்த்துவிட்டார் என்றார் மேலாளர். மகள் விடுவதாக இல்லை. தலையில் பட்ட அடி உடனே காட்டிக்கொடுக்காது, யாராவது கண்ணெதிரே வைத்துக் கவனிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

அதற்கென்றே அங்கே ஓர் அறை இருந்தது. கீழ்த்தளம் ஆண்களுக்கு, மாடி பெண்களுக்கு என்பது இல்லத்தின் கறாரான விதி. விழுந்தவர்களைக் கவனிக்க, மாடியில் நர்ஸ் மேஜைக்கு எதிரே இருந்த இரண்டு கட்டில் அறைக்கு மட்டும் அந்த விதி கிடையாது. ஒரு கட்டிலில் அம்மா இருந்தாள். இன்னொன்றில் அப்பாவைப் படுக்கவைத்தார்கள்.

பிள்ளைகளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறோம் என்று இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்த அம்மா, முகத்திலிருந்து போர்வையை விலக்கினாள்.

"விழறதுக்கு இவ்வளவு நாளாங்க? நான் போன வாரமே வந்து இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."