யார் கை பட்டது?

"கையைக் காட்டுங்க."

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா இரண்டு கைகளையும் நீட்டினாள். வலது கட்டைவிரல் ஓரத்தில், ஆறிப்போன புண்ணின் தழும்பு ஒன்று பளபளத்தது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மூன்று வயது மகளின் கன்னத்தில் இரண்டு மாதமாகச் சீழ்க்கொப்புளம், ஆறுவதும் மறுபடி வருவதுமாக. இப்போது கண்ணோரம் வரை ஏறிவிட்டது. தோல் கிருமிக்கு மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று ஆறு வருடமாக லேபில் மண்டையை உடைத்துக்கொள்பவளின் வீட்டிலேயே இந்தக் கூத்து.

"காய் நறுக்குறப்ப வெட்டிக்கிட்டதும்மா. கை கழுவாம பாப்பாவ நான் தொட்டதே இல்ல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. நாளைலேருந்து வரவேணாம்."

ஆயா தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குழந்தைதான் அவள் விரலை விடாமல் கதறியது. பிரித்தெடுப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

மறுநாள் கொப்புளத்தில் பஞ்சால் ஒற்றியெடுத்து, லேபில் உதவியாளரிடம் கொடுத்தாள்.

"நம்ம புது மருந்த இது மேல போட்டுப் பாரு. கேட்டுச்சுன்னா, தனி அனுமதி வாங்கி பாப்பாவுக்குப் போட்டுடலாம்."

அந்த மருந்து இன்னும் எந்த மனிதர் உடம்பிலும் படவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த இருநூறு கிருமிகளில் ஒன்றைக்கூட அது உயிரோடு விட்டதில்லை. அந்த நம்பிக்கையில் அவள் தன் வழக்கமான வேலையில் உட்கார்ந்தாள். துளித்துளியாக மருந்தைக் காட்டி, கிருமி அதற்குப் பழகுமா என்று சோதிக்கிற வேலை. போன வருடமே ஒன்று பழகித் தொலைத்திருந்தது.

மாலையில் லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினாள். கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சினால்தான் குழந்தை அழுகையை நிறுத்தும்.

மூன்றாம் நாள் காலை உதவியாளர் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டோடு வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"மருந்துக்குக் கேக்கல மேடம். மூணு தடவ பாத்துட்டேன்."

இனி குழந்தைக்கு எதைப் போடுவது?

"அந்தப் பொம்பள எந்தச் சாக்கடைலேருந்து இதக் கொண்டுவந்தாளோ."

அவன் தட்டை மேஜை மேல் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"நம்ம மருந்துக்குச் சாகாத கிருமி, நீங்க வளத்தது ஒண்ணுதான் மேடம்."