ஏழாம் விதியில் ஒரு வரி

முடக்குவாதம் ஜெசிந்தாவின் விரல்களைப் பள்ளிக்கூட நாளிலேயே மடக்கிவிட்டது. கல்லூரியில் மற்றவர்கள் பருவத்துக்கு ஆறு தாள் எழுத, அவள் மூன்றுதான் எழுதினாள். மூன்றிலும் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். ஆறும் எழுதித் தேறியவருக்கே உதவித்தொகை என்றது கல்லூரியின் ஏழாம் விதி.

"உனக்கு மட்டும் விதிவிலக்கு போட்டிருக்கேன்மா, வாங்கிக்க," என்று முதல்வர் ஒரு காகிதத்தை நீட்டினார். அதை வாங்கினால் அப்பா பஞ்சாலையில் இரண்டாவது ஷிப்ட் பார்க்க வேண்டியதில்லை. அவள் கை நீட்டவில்லை.

"வேணாம் சார். விதியையே மாத்துங்க. எனக்கப்புறம் வர்றவங்களும் இப்படி வந்து நிக்கணுமா?"

"அதுக்குக் குழு கூடணும். அதுக்குள்ள நீ படிச்சு முடிச்சே போயிடுவே."

"பரவால்ல சார்."

குழு கூடிய ஒவ்வொரு முறையும் அந்தக் கூட்ட அறை வாசலில் அவள் போய் உட்கார்ந்தாள். கடைசிக் கூட்டத்தில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். அவளுடைய கடைசிப் பருவம் முடிகிற வாரத்தில் அறிவிப்புப் பலகையில் திருத்திய ஏழாம் விதி வந்தது: 'மாற்றுத்திறனாளி மாணவர் தாம் எடுத்துக்கொண்ட தாள்களில் தேறினாலே போதும்.' அடுத்த ஆண்டு முதல் அமலாகும் என்று கீழே போட்டிருந்தது.

ஷிப்ட் முடிந்து நேரே வந்த அப்பா அதை இரண்டு முறை படித்தார்.

"உன் பேரு எங்கம்மா?"

"பேரெல்லாம் இருக்காதுப்பா. எல்லாருக்கும்ல போட்டிருக்கு. ஆனா அந்த வரி நான் சொல்லச் சொல்ல குழுவுல எழுதினது."

அப்பா அந்தப் பக்கமாகப் போன காவலாளியை நிறுத்தினார்.

"அண்ணே, இந்த வரியக் கொஞ்சம் சத்தமாப் படிங்களேன்."