அண்ணன் தலைக்கு என்ன விலை?

"உங்க தலைக்கு அஞ்சு லட்சமாம், அண்ணே!" என்று மூச்சிரைக்க வந்து நின்றான் வலதுகை.

கூலிப்படைத் தலைவர் துப்பாக்கி துடைப்பதை நிறுத்தினார். பத்து வருடமாக அவர் முதுகுக்குக் காவல் இவன்தான். நாளைய சண்டையிலும் இவனை நம்பித்தான் இறங்க வேண்டும்.

"யாருடா கேட்டது?"

"டீக்கடையில ஒரு புது ஆளு. வாயைத் திறந்ததுமே விரட்டிட்டேன். நமக்கும் மனசாட்சி இருக்குல்ல!"

"பேரம் கீரம் பேசலையே?"

"அண்ணனை வச்சுப் பேரமா? நான் என்ன பழைய இரும்புக் கடையா நடத்துறேன்?"

தலைவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"அவனை அனுப்பினதே நான்தான்டா. மூணு லட்சம் சொல்லு, பேரம் பேசினா மட்டும் அஞ்சு வரைக்கும் ஏறுன்னு சொல்லியிருந்தேன்."

வலதுகையின் தலை கவிழ்ந்தது.

"அஞ்சுக்கும் படியாம, எவ்வளவுடா கேட்டே?"

"ஆறு, அண்ணே..."

"ஆக, ஒரு லட்சம் குறைஞ்சதாலதான் நான் இன்னும் உயிரோட இருக்கேன்."