வெடிக்காரர் மேல் ஒரு புகார்

"இந்த ஆள் அங்கே இருக்கிற வரைக்கும் ஒரு பறவைகூட நிம்மதியா இருக்க முடியாது மேடம்!"

டீச்சர் தன் செல்போனை அதிகாரியம்மாவின் மேஜை மேல் வைத்தார்.

வீடியோவில், விமான நிலைய வேலிக்குள் நின்ற ஒருவர் துப்பாக்கியை வானத்தைப் பார்த்து நீட்டினார். டமால்! குளத்திலிருந்து நூறு நாரைகள் அலறியடித்துக்கொண்டு எழும்பின.

நகராட்சி அரங்கில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊரிலுள்ள சின்ன விமான நிலையத்தில் ஓடுபாதையை நீட்ட வேண்டுமாம். நீட்டினால், வேலியை ஒட்டியிருக்கும் குளம் போய்விடும். இருநூறு வருடப் பழமையான கல் படிக்கட்டோடு கூடிய குளம். பறவைகளுக்கு என்ன கேடு, பழைய சின்னத்துக்கு என்ன சேதம் என்று பார்த்து அறிக்கை எழுத வந்திருந்தார் அதிகாரியம்மா.

டீச்சர் ஓய்வு பெற்றதிலிருந்து பறவை நேசர் சங்கத்தின் செயலாளர். குளத்தை மூடவிடாமல் இரண்டு வருடமாக மல்லுக்கட்டுகிறவர்.

கடைசி வரிசையிலிருந்து வீடியோவில் இருந்தவரே எழுந்தார். ஓடுபாதையில் பறவை விரட்டுவது அவர் உத்தியோகம். ஊரில் எல்லோருக்கும் அவர் 'வெடிக்காரர்'.

"வெறும் சத்தம்தான் மேடம், குண்டெல்லாம் கிடையாது. அது எதுக்குன்னா..."

"குஞ்சு பொரிச்சிருக்கிற நேரத்துல இப்படிச் சத்தம் போட்டா தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்புமா? ஈவு இரக்கமே கிடையாதா உங்களுக்கு?" என்றார் டீச்சர்.

அரங்கமே கை தட்டியது. வெடிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அதுவரை எல்லாக் கேள்விக்கும் மழுப்பிக்கொண்டிருந்த விமான நிலைய மேனேஜர் சட்டென்று எழுந்தார்.

"டீச்சர் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். நாளையிலிருந்து அவருக்கு வேலை கிடையாது."

டீச்சருக்கே ஆச்சரியம். இரண்டு வருடத்தில் மேனேஜர் இறங்கி வந்தது இதுதான் முதல் தடவை.

ஐந்தாம் நாள் மத்தியானம் அதிகாரியம்மா போன் செய்தார்.

"டீச்சர், கொஞ்சம் ஆபீஸ் வரைக்கும் வர முடியுமா?"

போனதும் ஒரு கடிதத்தை நீட்டினார். மேனேஜர் எழுதியது. நாலு நாளில் நாலு நாரைகள் விமானங்களில் மோதிச் செத்திருந்தன.

"பழைய சின்னத்துல கை வைக்கக் கூடாதுன்னுதான் சட்டம். ஆனா ஒரு விலக்கு இருக்கு டீச்சர். ஒரே வருஷத்துல ஆறு பறவை மோதிச்சுன்னா, பயணிகள் பாதுகாப்புக்காகக் குளத்தை மூடிக்கலாம்."

"இதுக்கு முன்னாடி எத்தனை மோதியிருக்கு?"

"இந்த வருஷம் ஒண்ணு. போன வருஷமும் ஒண்ணுதான். இப்போ நாலு சேர்ந்து அஞ்சாச்சு."

மேனேஜர் அன்று ஏன் அவ்வளவு வேகமாகத் தலையாட்டினார் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆட்டோ பிடித்து நேரே வெடிக்காரர் வீட்டுக்குப் போனார். குளத்துக்குப் பின்னாலேயே வீடு. அவர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க டீச்சர்."

"ஆறு பறவைக் கணக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அதுக்குத்தானே லீவு நாள்லகூடப் போய் நின்னேன். தங்கச்சி கல்யாணத்தன்னைக்குக்கூட முதல் விமானத்தை ஏத்தி விட்டுட்டுத்தான் போனேன்." அவர் வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கினார். "ஒரு அஞ்சு நிமிஷம் அதுங்களை அப்பால கிளப்பி விட்டாப் போதும். விமானம் போனதும் அதுபாட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துக்கும். குஞ்சுங்களும் நல்லாத்தான் இருக்கு, தினம் பார்க்கறேன்."

"இதை அன்னைக்கே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே!"

"ஆரம்பிச்சேன் டீச்சர். நீங்க எல்லாரும் கை தட்டிட்டீங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்போ என் இடத்துல யாரு நிக்கிறாங்க?"

"யாரும் இல்லை."

வெடிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கத்தியைக் கீழே போட்டார்.

"மூணே முக்கால் விமானம் கிளம்பற நேரமாச்சே!"

துப்பாக்கிதான் இல்லையே. கையில் கிடைத்த இரண்டு தட்டுகளையும் கரண்டிகளையும் எடுத்துக்கொண்டு ஓடினார். டீச்சரும் மூச்சு வாங்க ஓடினார். கல் படிக்கட்டில் நின்று இரண்டு பேரும் தட்டு தட்டென்று தட்டினார்கள். "போ! போ! அந்தப் பக்கம் போ!" டீச்சர் தொண்டை கிழியக் கத்தினார். நாரைகள் எழும்பி மறு பக்கமாகத் திரும்பின. விமானம் எந்தப் பறவை மேலும் மோதாமல் தலைக்கு மேல் ஏறிப் போனது.

அன்று மாலையே டீச்சர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சங்கத்தின் சார்பில் வேறொரு மனு கொடுத்தார்.

அறிக்கை வரும்வரை இரண்டு பேரும் தட்டும் கரண்டியுமாகவே காவல் நின்றார்கள்; ஆறாவது பறவை மோதவேயில்லை. அடுத்த மாதம் அறிக்கை வெளியானது. குளத்தை மூட அனுமதி இல்லை. 'பறவைகளைப் பாதுகாக்க' என்ற தலைப்பின் கீழே, சங்கம் கேட்டுக்கொண்டபடி, ஒரே ஒரு நிபந்தனை இருந்தது:

'வெடிக்காரர் ஒரு நாள்கூட வெடிக்காமல் இருக்கக் கூடாது.'