ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்

1915, ஜெர்மனி. போரில் இறந்த பிள்ளைகளுக்கு சோஷலிஸ்ட் கட்சி மன்றத்தில் அஞ்சலிக் கூட்டம். வாசித்த பதினோரு பெயர்களில் கடைசிப் பெயர் எமில். "எல்லோரும் எழுந்து நிற்போம்" என்றார் தலைவர். நாற்காலிகள் கிரீச்சிட்டன. எமிலின் அப்பா காஸ்பர் மட்டும் எழவில்லை. சுருட்டு சுற்றும் தொழிலாளியாக இருந்து, மூன்று முறை ஜெயிலுக்குப் போய், பெர்லினில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர் அவர்.

"என்னங்க, எழுந்திரிங்க. எல்லாரும் பாக்கிறாங்க" என்று மனைவி ஹெட்விக் அவருடைய சட்டைக் கையை இழுத்தாள்.

"பாக்கட்டும்."

"மூட்டு வலியா? என் தோளப் பிடிச்சுக்குங்க."

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். "மெம்பர் ஐயா பெத்த மகனுக்குக்கூட எழுந்திரிக்க மாட்டாராம்."

ஹெட்விக் அவர் காதருகே குனிந்தாள். "நம்ம பிள்ளை அவன். ஒரு நிமிஷம் நின்னா என்ன?"

"இந்தச் சண்டைக்குப் பணம் ஒதுக்கலாமான்னு நாடாளுமன்றத்துல கேட்டாங்க. சம்மதம்னா எழுந்து நிக்கணும், அதான் அங்க வழக்கம். முந்தின நாள் கட்சிக்குள்ள வேணாம்னுதான் சொன்னேன். கட்சி முடிவுன்னு ஆனதும் நானும் எழுந்து நின்னேன், ஹெட்விக். கை தட்டினாங்க."

அவள் இழுப்பதை நிறுத்தினாள். காஸ்பர் எழுந்த பிறகு மௌனத்தைத் தொடங்கலாமென்று தலைவர் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஹெட்விக் சட்டைக் கையை விட்டுவிட்டு, அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, பின்னால் கையை நீட்டித் தன் நாற்காலியைத் தேடினாள்.